தாமரை இலையா, பல்லிக் காலா?

தாமரை இலை போலத் தண்ணீர் ஒட்டாத பூச்சு ஒன்று, பல்லிக் கால் போல ஒட்டும் நாடா இன்னொன்று. பினாங்கில் இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் பிள்ளைகள் சிலர் இந்த இரண்டுக்கும் நடுவில் தவிக்கிறார்கள்.

செலவு: தாமரைப் பூச்சு மலிவு. கண்ணாடித் துண்டை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டினாலே போதும், படிந்த கரியில் தண்ணீர் முத்தாக உருளும். பல்லி நாடாவுக்கு நுண் மயிர்களை வார்க்கும் அச்சு வேண்டும், தூசியில்லா அறையும் வேண்டும்.

எவ்வளவு நாள் உழைக்கும்: அந்தக் கரியை விரலால் ஒரு தரம் தேய்த்தேன், போச்சு. சிலிக்கா (மணலில் இருக்கும் பொருள்) நானோத் துகள், அதாவது கண்ணுக்குத் தெரியாத பொடி, கொண்ட பூச்சு கூடுதலாகத் தாங்கும், ஆனால் உரசல்தான் அதற்கு எமன். பல்லி நாடாவை ஒட்டி எடுத்து மறுபடி ஒட்டலாம். தூசி அடைத்தால் பிடி தளரும்.

மின்னணு: தாமரைப் பூச்சு சர்க்கியூட் பலகையில் துளியை நிற்க விடாது, நம் ஊர்ப் புழுக்கத்தின் நீராவியை அவ்வளவாகத் தடுக்காது. பல்லி முறை சிப் செய்யும் சிலிக்கான் தகட்டைக் கறையில்லாமல் தூக்கும்.

மருத்துவம்: இங்கே என் மனம் பல்லிப் பக்கம். பாட்டியின் கையில் பிளாஸ்டரை உரித்தபோது தோலும் சேர்ந்து வந்ததைப் பார்த்தவன் நான். பல்லிக் காலில் பசையே இல்லை. சுமார் 200 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அகல மயிர் நுனிகள் வாண்டர்வால்ஸ் விசையால், அதாவது மூலக்கூறுகள் மிக நெருங்கும்போது வரும் மெல்லிய ஈர்ப்பால், பிடிக்கின்றன, சாய்த்தால் விடுகின்றன.

ஆறு மாதம், கைக்காசு என்றால் தாமரை. ஆய்வகத்தில் அச்சு வசதி இருந்தால், சரி, பல்லியை எடுங்கள்.