கார்பைன் குழல்: 9, 16, 20 அங்குலத்தில் எது?

கைத்துப்பாக்கித் தோட்டாவைச் சுடும் ரைஃபிள் (இங்கே கார்பைன் என்பது அதைத்தான்) வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் கேட்பது, குழல் நீளமானால் வேகம் கூடுமா என்றுதான். கூடும். ஆனால் எந்தத் தோட்டா என்று சொல்லாமல் இதற்குப் பதிலே கிடையாது.

9 மி.மீ. லூகரை எடுத்துக்கொள்ளுங்கள். 1902இல் பிஸ்டலுக்கென்றே பிறந்த தோட்டா, கூடு (வெடிமருந்து இருக்கும் உலோக உறை) சின்னது, மருந்து சட்டென்று எரிவது. முதல் சில அங்குலத்திலேயே எரிந்து தீர்ந்துவிடும், அதற்கப்புறம் விரிகிற வாயுதான் குண்டைத் தள்ள வேண்டும், அதுவும் போகப்போகத் தளர்ந்துவிடும், உராய்வு மட்டும் கடைசிவரை கூடவே வரும். 115 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) குண்டு 4 அங்குலக் குழலில் நொடிக்கு 350 மீட்டர் சுமாருக்குப் போகும், 16 அங்குலத்தில் 400ஐ ஒட்டி. இந்த லாபத்தில் பெரும்பகுதி 10 அங்குலத்துக்குள்ளேயே வந்துவிடும். எம்.பி.5 என்ற 9 மி.மீ. சப்மெஷின் கன்னின் குழல் 225 மி.மீ., அதாவது 9 அங்குலம்கூட இல்லை, அதை வைத்து யாரும் குறைப்பட்டதாகத் தெரியவில்லை.

.45 ஏ.சி.பி. என்ற பிஸ்டல் தோட்டாவுக்கு நீளத்தால் கிடைப்பது இன்னும் சொற்பம். 230 கிரெய்ன் குண்டு நீளக் குழலிலும் ஒலியின் வேகத்தைத் தாண்டாது. ஒருவகையில் அது வசதிதான், ஒலியை முந்தும் குண்டு கிளப்பும் வெடிச்சத்தம் இல்லாததால் சைலன்சரோடு அருமையாகப் பொருந்தும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் செய்த டி லைல் கார்பைன் இந்தத் தோட்டாவைத்தான் சுட்டது.

அப்படியானால் கடையில் பார்ப்பதெல்லாம் ஏன் 16 அங்குலம்? அமெரிக்கச் சட்டம். 1934ஆம் ஆண்டின் தேசியச் சுடுகலன் சட்டப்படி இப்போது 16 அங்குலத்துக்குக் குறைந்த குழல் உள்ள ரைஃபிளைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். துப்பாக்கி சுடும் போட்டிக்குப் போகிறவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: குட்டைக் குழலின் முனையில் லேசான வெற்றுக் குழாயை நிரந்தரமாகப் பற்றவைத்து அளவைச் சரிக்கட்டிவிடுவார்கள், முன்பக்கம் கனமில்லாமல் துப்பாக்கி சட்டென்று திரும்பும்.

.357 மேக்னம் என்ற ரிவால்வர் தோட்டா முற்றிலும் வேறு கதை. நீளக் கூடு, நிதானமாக எரியும் மருந்து. 158 கிரெய்ன் குண்டு 4 அங்குல ரிவால்வரில் 380 மீட்டர் என்றால், 16 முதல் 18 அங்குல லீவர் ரைஃபிளில் (அடியிலுள்ள நெம்பை அசைத்து அடுத்த தோட்டாவை ஏற்றுவது) நல்ல தோட்டா 540ஐத் தொடும். ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் ஏறக்குறைய இரு மடங்கு! இதில் நீளத்துக்கு மட்டும் பேர் கொடுத்துவிடக் கூடாது, ரிவால்வரில் தோட்டாக்கள் இருக்கும் சுழல் உருளைக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் கொஞ்சம் வாயு வீணாகிறது, ரைஃபிளில் அந்தக் கசிவு இல்லை. தவிர, ரிவால்வர் குழலை அளக்கும்போது உருளையைச் சேர்ப்பதில்லை, ரைஃபிளில் தோட்டா உட்காரும் அறையும் நீளக் கணக்கில் வரும். .44 மேக்னமும் இதே ரகம். ஒரு எச்சரிக்கை: ரிவால்வர் வேகத்துக்கு வடிவமைத்த ஹாலோ பாயிண்ட் (முனை குழிந்த) குண்டுகள் இந்த வேகத்தில் ஆழமாகப் போகாமலே சிதறிவிடலாம்.

20 அங்குலம்? வேகத்துக்காக என்றால் வேண்டாம். லீவர் ரைஃபிளில் குழலுக்கு அடியில் ஓடும் தோட்டாக் குழாயும் கூடவே நீள்வதால் ஒன்றிரண்டு தோட்டா கூடுதலாகப் பிடிக்கும், இரும்புக் குறிகளுக்கு (குறிபார்க்க முன்னும் பின்னும் இருப்பவை) நடுவே தூரமும் அதிகம், அதற்காக வாங்கலாம். ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டும் குறிக்கண்ணாடி) மாட்டப் போகிறவருக்கு இரண்டாவது காரணமும் போய்விடும். துல்லியம் கூடும் என்று நம்பி வாங்குகிறவர்களும் உண்டு, குட்டைக் குழல் விறைப்பு அதிகம், குறியில் அது சளைத்ததே இல்லை.

என்னைக் கேட்டால், மேக்னத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு 16 அல்லது 18. 9 மி.மீ.க்குச் சட்டம் விடுகிற இடத்தில் 8 முதல் 10, விடாத இடத்தில் 16. .45க்கும் அப்படியே, அந்தக் கூடுதல் அங்குலங்களை வேகக் கணக்கில் மட்டும் எழுதிவிடாதீர்கள்.