அரிசியா, அரிசிக்கான பணமா?

ஏழைக் குடும்பங்களுக்கு ரேஷன் கடையில் அரிசி கொடுப்பதா, அதற்கு ஈடான பணத்தை வங்கிக் கணக்கில் போடுவதா என்ற விவாதத்தில் பொருளியல் பாடநூல்கள் பெரும்பாலும் பணத்தின் பக்கமே நின்றன. வீட்டுக்கு எது தேவை என்பதை வீட்டாரே நன்கறிவர். கிடங்குச் செலவும் லாரிச் செலவும் மிச்சமாகும். அரிசி கடத்தலுக்கும் வழி குறையும். ஆனால் அண்மைக் கள ஆய்வுகள், பாடநூல் அவ்வளவாகக் கண்டுகொள்ளாத உள்ளூர்ச் சந்தை விலையை நடுவே கொண்டுவந்து வைத்துள்ளன.

மெக்சிகோவின் உணவு உதவித் திட்டத்தில் சில கிராமங்களுக்கு உணவுப் பொருள்களும் சில கிராமங்களுக்குப் பணமும் குலுக்கல் முறையில் ஒதுக்கப்பட்டன. இதை ஆராய்ந்த குன்யா, டி ஜோர்ஜி, சீமா ஜெயச்சந்திரன் ஆகிய பொருளியலாளர்கள், பொருள் வந்திறங்கிய கிராமங்களில் உணவு விலை இறங்கியதையும், போக்குவரத்து அரிதான ஊர்களில் இவ்வேறுபாடு பெரிதாக இருந்ததையும் கண்டனர். உதவி பெறாதவருக்கும் அங்கே மலிவாகப் பொருள் கிடைத்தது. பிலிப்பைன்ஸின் பணத் திட்டத்தில் நடந்தது இதற்கு நேரெதிர். பெரும்பாலான குடும்பங்கள் பணம் பெற்ற ஒதுக்குப்புற ஊர்களில் எளிதில் கெட்டுப்போகும் புரத உணவுகளின் விலை ஏறியது. பணம் பெறாத வீடுகளின் குழந்தைகளிடையே வளர்ச்சிக் குறைபாடு கூடியது. யாருக்கும் தீங்கு எண்ணாத ஒரு திட்டம் அடுத்த வீட்டுக் குழந்தையின் தட்டில் கைவைத்தது என்பதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

அதற்காகப் பணம் எங்கும் விலையை ஏற்றிவிடும் என்று சொல்லிவிட முடியாது. கென்யாவின் சியாயா பகுதியில் 653 கிராமங்களில் நடந்த ஆய்வில் 10,500க்கும் மேற்பட்ட குடும்பங்கள் தலா சுமார் 1,000 டாலர் பெற்றன. விலை ஏறக்குறைய அசையவே இல்லை; கடைக்காரர்களின் விற்பனை பெருகி, பணம் பெறாத குடும்பங்களும் பயனடைந்தன. அங்கே கடைகளும் தொழில்களும் கூடுதல் தேவையை ஈடுகட்ட இடமிருந்தது. ஆகவே சரக்கு தடையின்றி வந்துசேரும் ஊருக்குப் பணமும், வாரத்துக்கு ஒரு வண்டி ஏறும் ஊருக்கு அரிசியும் ஏற்றவை என்பதே என் கணிப்பு.

பணத்துக்கு இன்னொரு குறையும் உண்டு. சந்தையில் அரிசி விலை ஏறினாலும் ரேஷன் அரிசியின் அளவு மாறுவதில்லை. பணத்தொகையோ, அதை உயர்த்தும் அரசாணை வரும்வரை அப்படியே கிடக்கும். விலையேற்றக் காலத்தில் ரேஷன் ஒரு காப்பீடுபோல் குடும்பத்தின் உணவைக் காக்கிறது என்று இந்தியத் தரவுகளைக் கொண்டு கதென், சுக்தங்கர் முதலிய பொருளியலாளர்கள் காட்டியுள்ளனர்.

புதுச்சேரியில் 2015 செப்டம்பரில் அரிசிக்குப் பதிலாகப் பணம் வந்தபோது, தொடக்கத்தில் பணம் எந்தக் கணக்கில் விழுந்தது என்றே பலருக்குத் தெரியவில்லை. அப்போது ரேஷனையே விரும்பியவர்களில் பலர், பட்டுவாடா சீரானபின் பணத்தின் பக்கம் சாய்ந்ததைச் சண்டிகரையும் சேர்த்து நடந்த கண்காணிப்பு ஆய்வு பதிவுசெய்தது. ஆயினும் 2024இல் அங்கே ரேஷன் கடைகள் மீண்டும் திறக்கப்பட்டன.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியை இந்தோனேசியா சோதித்தது. 105 மாவட்டங்களில் குலுக்கல் முறையில் சிலவற்றுக்கு முன்னதாக, நேரடி அரிசிக்குப் பதிலாக, அரிசியும் முட்டையும் மட்டுமே வாங்கக்கூடிய மின்னணு அட்டை வந்தது. அட்டை வந்த மாவட்டங்களில் உரிய குடும்பங்களுக்குச் சேர்ந்த உதவி 46 விழுக்காடு கூடியது. மிக ஏழ்மையான 15 விழுக்காட்டினரிடையே வறுமை 20 விழுக்காடு குறைந்தது. முன்பு ஊர்த்தலைவர்கள் அரிசியை எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுத்ததால் ஏழைகளின் பங்கு கரைந்துகொண்டிருந்தது. அட்டை அந்தப் பங்கீட்டை நிறுத்தியது.