பழைய மின்விசிறியில் ஒரு சுழல் ஓவிய எந்திரம்: காரைக்குடி வைண்டிங் பட்டறை ஒன்றின் கைவேலை

காரைக்குடி செக்காலை சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், மோட்டார் வைண்டிங்கும் மின்விசிறிப் பழுதும் பார்க்கும் சிறிய பட்டறை இருக்கிறது. வீடுகளிலிருந்து கழற்றிப் போட்ட சீலிங் ஃபேனைத் தலைகீழாக நிறுத்தி, அதன்மேல் வட்டப் பலகை பொருத்தி, சுழல் ஓவியம் வரையும் எந்திரமாக அவர்கள் மாற்றித் தருகிறார்கள். பெயர்ப்பலகையில் இந்த வேலை குறிப்பிடப்படவில்லை. கேட்டு வருகிறவர்களுக்கு மட்டும் செய்து கொடுக்கிறார்கள். பள்ளியில் ஓவியம் கற்பிக்கும் நான், என் வகுப்புக்காக ஒன்றைச் செய்யச் சொல்லி வாங்கி, ஒரு பருவம் முழுவதும் பிள்ளைகளின் கையில் கொடுத்துப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். எந்திரவேலை மிக நேர்த்தியானது. மின்பாதுகாப்பில் ஒரு பெரிய குறை இருந்தது. அதைப் பின்னர் விரிவாகச் சொல்கிறேன்.

சுழலும் தாளின் மேல் நீர்த்த வண்ணத்தை ஊற்றினால், அது மையத்திலிருந்து வெளிநோக்கி விரிந்து கதிர்களாகவும் இதழ்களாகவும் படியும். ஓவிய உலகம் எந்திரங்களை ஏற்றுக்கொண்டு நெடுநாள் ஆகிறது. சுவிட்சர்லாந்துக்காரரான ஜான் டிங்கெலி, தாமே கோடு கிழிக்கும் எந்திரங்களை 1959இல் பாரிசில் காட்சிக்கு வைத்தார். டேமியன் ஹர்ஸ்ட் 1993இல் லண்டன் தெருவிழா ஒன்றில் சுழல் ஓவியக் கடை போட்டு, பின்னர் அதே முறையில் பெரிய ஓவியங்களை வரைந்தார். இதற்கென விற்கப்படும் பொம்மை எந்திரங்கள் உள்ளங்கை அளவுத் தாளையே தாங்குகின்றன. நாற்பது பிள்ளைகள் கைவைக்கும் வகுப்பில் அவை நிலைக்காது. வீட்டில் ஓடிய சாதனத்தின் மோட்டார் பல ஆண்டு உழைப்புக்கென்றே செய்யப்பட்டது என்பதால், அதைத் திருப்பிப் பயன்படுத்துவதில் மெய்யான பொருள் இருக்கிறது.

எந்தச் சாதனம் பொருந்தும் என்பதைப் பட்டறைக்காரர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். மிக்ஸியின் மோட்டார் சுமையில்லாமல் ஓடும்போது நிமிடத்திற்கு 18,000 சுற்றுகளையும் தாண்டும். அதன் கார்பன் பிரஷ்களில் தீப்பொறியும் பறக்கும். அதன்மேல் பலகையைப் பொருத்துவது ஆபத்து. வெட் கிரைண்டர் மெதுவாகவும் வலுவாகவும் சுற்றும், ஆனால் அதற்கு ஒரே வேகம்தான். மேசை விசிறியின் அச்சு மெல்லியது, வேகமும் கூடுதல். சீலிங் ஃபேன் இவற்றிலிருந்து வேறுபட்டது. அதில் கம்பிச்சுற்று நடுவிலுள்ள அச்சோடு அசையாமல் நிற்க, வெளிப்புற ஓடுதான் சுற்றுகிறது. மின்கம்பிகள் அசையாத அச்சுக்குள் வருவதால், தலைகீழாக நிறுத்தினாலும் அவை முறுக்கிக்கொள்வதில்லை. சுற்றும் ஓட்டின் மேல் பலகையைத் திருகாணியால் நேரடியாகவே இறுக்கிவிடலாம். முழு வேகமும் நிமிடத்திற்கு ஏறத்தாழ 350 முதல் 400 சுற்றுகள்தான்.

மின்விசிறியை நானே வாங்கித் தந்தேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில், தூண்களுக்கும் எனாமல் பாத்திரங்களுக்கும் சுவர்க்கடிகாரங்களுக்கும் இடையே பழைய மின்விசிறிகளும் கிடைக்கின்றன. பார்வைக்காக வாங்குகிறவர்கள் பித்தளைப் பட்டை போட்டவற்றைத் தேடுவார்கள். ஓவிய எந்திரத்திற்குக் கனத்த வார்ப்பு ஓடு உள்ள எளிய விசிறியே போதும். ஓடு கனமாக இருந்தால், ஒரு பக்கம் வண்ணம் கூடுதலாக விழுந்தாலும் சுழற்சி தடுமாறுவதில்லை. மிகப் பழைய விசிறிகள் சிலவற்றில் தாங்கிகள் (பேரிங்) எண்ணெய்க் கிண்ணத்தில் ஓடும். அவற்றைத் தலைகீழாக நிறுத்தினால் எண்ணெய் ஒழுகிவிடும் என்பதால் பால் பேரிங் உள்ளதையே கேட்டு வாங்க வேண்டும். கடைக்காரர் அதைப் பிளக்கில் மாட்டி ஓட்டிக் காட்டிய பிறகே நான் விலை பேசினேன். அவ்வாறே செய்யும்படி மற்றவர்களுக்கும் சொல்வேன்.

இந்தப் பட்டறையின் தனித்திறன் வெளிப்படுவது வேகக் கட்டுப்பாட்டில். இறக்கைகளைக் கழற்றிவிட்டுப் பலகையை மட்டும் பொருத்தினால் ரெகுலேட்டரைத் திருப்பி வேகத்தை மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் எவரும் எண்ணுவார்கள். நடப்பது வேறு. இத்தகைய மோட்டாருக்குச் சுமை இல்லாவிட்டால், ரெகுலேட்டர் மின்னழுத்தத்தைக் குறைத்தாலும் அது ஏறத்தாழ முழு வேகத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். காற்றைத் தள்ளும் இறக்கைகள்தாம் அதற்குச் சுமை. வேகம் கூடக் கூட அந்தச் சுமையும் விரைந்து ஏறுவதால்தான், வீட்டில் ஒவ்வொரு எண்ணிலும் விசிறி ஒவ்வொரு வேகத்தில் நிலைகொள்கிறது. "இறக்கையை மொத்தமாக் கழட்டிட்டா ரெகுலேட்டர் சொன்ன பேச்சக் கேக்காது, டீச்சர். ஒரு சாண் விட்டு வெட்டிருவோம்" என்றார் பட்டறைக்காரர். மூன்று இறக்கைகளையும் ஒரு சாண் அளவுக்கு வெட்டி, முனைகளை அரத்தால் மழுக்கி, மீண்டும் அவற்றின் இடத்திலேயே பூட்டினார். வண்ணம் தெறிக்காமல் காக்கும் பிளாஸ்டிக் டிரம்மின் அடித்தட்டுக்குக் கீழே அந்தத் துண்டுகள் சுற்றுகின்றன. தட்டின் நடுத்துளை வழியே மேலெழும் ஓட்டின் மேல் பலகை சுற்றுகிறது. அதனால் காற்று தாளைத் தொடுவதில்லை. இறக்கைத் துண்டுகளைச் சுற்றி நான்கு பக்கமும் கம்பிவலை அடித்திருக்கிறார். இந்த அமைப்பால் இன்னொரு பயனும் உண்டு. மின்விசிறிக்கு பிரேக் கிடையாது. நிறுத்திய பிறகும் சுற்றிக்கொண்டே இருக்கும், அந்த நேரத்தில் வண்ணமும் ஓடிக்கொண்டே இருக்கும். துண்டு இறக்கைகள் காற்றில் இழுபடுவதால் பலகை விரைவில் நிற்கிறது; பிள்ளை விரும்பிய கட்டத்திலேயே ஓவியமும் நிலைக்கிறது.

வேகம் சொன்னபடி கேட்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போதும். மையத்திலிருந்து 15 சென்டிமீட்டர் தொலைவில் இருக்கும் வண்ணத்துளியை நிமிடத்திற்கு 350 சுற்றுகள் என்ற வேகம் புவியீர்ப்பைப் போல் ஏறத்தாழ 20 மடங்கு விசையோடு வெளியே தள்ளுகிறது. 100 சுற்றுகளில் அந்த விசை இரண்டு மடங்குக்கும் குறைவு. வேகத்தைப் பாதியாக்கினால் விசை நான்கில் ஒன்றாகிவிடும். முழு வேகத்தில் எல்லா ஓவியமும் ஒன்றுபோல ஊசிக்கதிர்களாகவே வரும், வண்ணத்தில் பெரும்பகுதி டிரம்மின் சுவருக்குப் போய்விடும். முதல் எண்ணில் வைத்தால் வண்ணம் தயங்கித் தயங்கி நகர்ந்து, பக்கத்து நிறத்தோடு கலந்து, தடித்த இதழ்களாக விரிகிறது. முதலில் மெதுவாகவும் முடிவில் சில நொடிகள் மட்டும் விரைவாகவும் ஓட்டினால், இதழின் ஓரத்தில் கதிர்கள் முளைக்கின்றன. பிள்ளைகள் இதைத் தாங்களாகவே கண்டுபிடித்து, ரெகுலேட்டரையும் ஒரு தூரிகையாகக் கையாளத் தொடங்கியதைப் பார்த்தபோது எனக்குப் பெருமகிழ்ச்சி உண்டாயிற்று.

மெதுவான வேகத்திற்கு வேறொரு பயனும் இருக்கிறது. தூரிகையை ஓரிடத்தில் அசையாமல் பிடித்தால் பிசிறில்லாத வட்டம் கிடைக்கிறது. அதையே மையத்திலிருந்து ஓரத்திற்குச் சீராக நகர்த்தினால் சுருள் கிடைக்கிறது. நடுவீட்டுக் கோலத்தைப் பாட்டியிடம் கற்ற மாணவி ஒருத்தி, முதலில் வட்டங்களை இட்டுக் காயவிட்டு, அவற்றுக்கு இடையே மாக்கோல இழைகளைக் கையால் இழுத்துச் சேர்த்தாள். எந்திரத்தால் வந்த கோடும் கையால் வந்த கோடும் ஒரே தாளில் அருகருகே நின்றது, அந்தப் பருவத்தில் எங்கள் வகுப்பில் பிறந்த வேலைகளிலேயே சிறந்தது என்று நான் கருதுகிறேன்.

வண்ணத்தைப் பொறுத்தவரை, போஸ்டர் கலரைத் தண்ணீர் விட்டு மோர் பதத்திற்குக் கரைத்துக்கொள்வதே நல்லது. அதைவிட நீர்த்தால் தாள் ஊறிக் கிழிகிறது. கெட்டியானால் விழுந்த இடத்திலேயே குவிந்து நிற்கிறது. ஆத்தங்குடித் தளக்கற்களுக்குச் சேர்க்கும் ஆக்சைடு நிறப்பொடிகளையும் சோதித்தோம். ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, நிறம் சேர்த்த சிமென்ட் குழம்பைக் கையால் ஊற்றிப் பூ வரைகிறார்கள்; குழம்பின் பதம் அறிந்த கைதான் அங்கே எல்லாம். அந்தப் பொடியைப் பசையும் தண்ணீரும் சேர்த்துக் கரைத்தால் ஆழ்ந்த செம்மண் நிறமும் மஞ்சளும் கிடைக்கின்றன. பொடி கனமானது என்பதால் கிண்ணத்தின் அடியில் தங்கிவிடும். ஒவ்வொரு முறையும் கலக்கியே ஊற்ற வேண்டும். எனாமல் பெயின்ட்டையும் தின்னரையும் இந்த எந்திரத்தின் அருகில் கொண்டுபோகவே கூடாது. அவற்றின் ஆவி எளிதில் தீப்பற்றும். சுவிட்சில் எழும் ஒரு பொறி போதும்.

சட்டத்திற்கு, இடித்த வீடொன்றிலிருந்து வந்த பர்மா தேக்கைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அந்த வீடு இடிபடாமலே நின்றிருக்க வேண்டும் என்பதுதான் என் விருப்பம். இடிந்தபின் அதன் மரம் விறகாகாமல் பள்ளிக்கூடத்திற்கு வந்ததில் எனக்கு நிறைவு உண்டு. விசிறியின் குழாயைத் தடித்த இரும்புத் தகட்டில் வெல்டிங் செய்து, தகட்டைச் சட்டத்தில் போல்ட்டுகளால் முடுக்கியிருக்கிறார்கள். முழு வேகத்திலும் ஆட்டம் இல்லை. பலகையின் விட்டம் 40 சென்டிமீட்டர். ஏ4 தாளின் மூலைவிட்டம் ஏறத்தாழ 36 சென்டிமீட்டர் என்பதால் அது முழுவதும் பலகைக்குள் அடங்குகிறது. ஏ3 தாளுக்கு இடம் இல்லை. பலகையின் அடியில் சிறு வாஷர்களை ஒட்டி எடையைச் சமன்செய்திருக்கிறார்கள். விரலை ஓரத்தில் வைத்துத் தள்ளிவிட்டால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நிற்கிறது. ஒரே பக்கம் தாழ்ந்து நிற்பதில்லை. அந்தப் பொறுமையான வேலைக்குத் தனியாகக் கூலி கேட்கவும் இல்லை.

இனிக் குறை. எந்திரம் வந்தபோது மூன்று முனைப் பிளக்தான் இருந்தது. ஆனால் அதன் எர்த் கம்பி விசிறியின் உடலோடு இணைக்கப்படவே இல்லை. பச்சைக் கம்பியைச் சட்டத்திற்குள் வெட்டி மடக்கி விட்டிருந்தார்கள். உள்ளே 230 வோல்ட் மின்சாரம் ஓடும் இரும்பு ஓட்டின் மேல் ஈரக்கையோடு பிள்ளைகள் குனியும் பொருளில் இதை நான் சிறு பிழையாகக் கருத மாட்டேன். பள்ளியின் எலக்ட்ரீஷியன் அதைக் கண்டுபிடித்து இணைத்தார். எந்திரத்திற்கான இணைப்பில், மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றையும் பொருத்தினார். பட்டறைக்காரரிடம் சொன்னபோது அவர் வாதாடவில்லை. சீலிங் ஃபேனுக்கு வீட்டில் எவரும் எர்த் கேட்பதில்லை என்றார். கூரையில் எட்டாத உயரத்தில் தொங்குவதும் பிள்ளையின் இடுப்புயரத்தில் சுற்றுவதும் ஒன்றல்ல என்பதை அவருக்கு நான் எடுத்துச் சொன்னேன். இப்போது செய்பவற்றில் எர்த் இணைத்தே கொடுப்பதாகச் சொல்கிறார். வாங்குகிறவர்கள் அவர் சொல்லோடு நின்றுவிடாமல் சோதித்துப் பார்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.

டிரம்மின் சுவரும் உயரம் போதாது. பலகைக்கு மேல் ஒரு சாண்தான் நிற்கிறது என்பதால் மூன்றாம் எண்ணுக்கு மேல் போனால் வண்ணம் சட்டையில் தெறிக்கிறது. இன்னொரு டிரம்மிலிருந்து வெட்டிய வளையத்தை மேலே பொருத்திய பிறகே அது நின்றது. சொன்ன நாளில் வேலை முடியவில்லை என்பதும் உண்மை; கோடையில் மோட்டார் பழுது குவிந்துவிடுவதால் இத்தகைய வேலைகள் பின்னுக்குப் போகின்றன. மழைக்காலத்தில் கொடுத்தால் விரைவில் கிடைக்கும்.

நான் கொடுத்தது பழைய விசிறிக்கு 900 ரூபாய், மரம், டிரம், ரெகுலேட்டர் உட்பட வேலைக்கு 3,200 ரூபாய். இந்த உழைப்புக்கு இது குறைந்த விலை என்றே சொல்வேன். ரெகுலேட்டரில் கெபாசிட்டர் வகையையே கேளுங்கள். எலக்ட்ரானிக் டிம்மர் வகையில் விசிறி மெதுவான வேகத்தில் ரீங்கரித்துக்கொண்டிருக்கும். பலகையை நான்கு திருகாணிகளால் கழற்றி மாட்டும்படி செய்யச் சொல்லுங்கள், கழுவ எளிது. சுவர் இரண்டு சாண் உயரம் வேண்டும் என்பதையும், எர்த் கம்பி ஓட்டோடு இணைந்திருப்பதை மீட்டர் வைத்துக் காட்ட வேண்டும் என்பதையும் முன்பணம் கொடுக்கும்போதே சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.