அம்மாயிக்குத் துணைக்குப் படுக்க யார்?

இலங்கை மலையகத்தில், கொட்டகலையில் எங்கள் அம்மாயி தனியாக இருக்கிறார். வயது 78. தாத்தாவின் ஈபிஎப் (சேமலாப நிதி) காசையும் போட்டுக் கட்டிய வீடு. இரண்டு அறை, ஒரு இஸ்தோப்பு (முன் விறாந்தை), பின்னால் நாலு கோழி. போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி குசினிப் படியில் வழுக்கி விழுந்தவர், விடிந்து பால்காரர் வரும்வரை அப்படியே கிடந்தார். அப்புறம்தான் வீட்டில் பேச்சு தொடங்கியது: கொழும்பா, முதியோர் இல்லமா, வீட்டிலேயே ஒரு ஆளைக் குடிவைப்பதா?

கொழும்பைப் பார்த்துவிட்டோம். மாமா வீடு கொழும்புக்குப் பக்கத்தில் வத்தளையில், மூன்றாம் மாடி. ராத்திரிக்கு ஆள் உண்டு. பகலில் எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விட, அம்மாயி பூட்டிய கதவுக்குள் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு கிழமைதான் தாங்கினார். கொட்டகலையில் இது தலைகீழ். பகலெல்லாம் யாராவது இஸ்தோப்பில் வந்து உட்கார்வார்கள், இருட்டினால் ஒருவரும் இல்லை. ஆக, குறை ராத்திரியில் மட்டும்தான். இதைப் புரிந்துகொள்ளவே எங்களுக்கு ஆறு மாதம் ஆனது.

முதியோர் இல்லத்தில் பகலும் ராத்திரியும் ஆள் இருக்கும். ஆனால் கோழி இருக்காது, கோயில் இருக்காது. படுக்கையோடு கிடப்பவருக்கு அது சரி, அம்மாயிக்கு இப்போது வேண்டாம். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டத்தின்படி, தன்னைப் பராமரிக்க முடியாத பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கேட்கலாம். மாமா அதையும் இழுத்தார். சட்டம் காசு வாங்கித் தரும். ராத்திரி பக்கத்தில் படுக்குமா?

மிஞ்சியது மூன்றாவது வழி. இங்கிலாந்தில் இதை ஹோம்ஷெயார் என்கிறார்கள். வயதானவர் ஒரு அறையைக் கொடுக்க, வருபவர் வாரம் பத்து மணி நேரம் அளவில் கைகொடுத்து ராத்திரி துணைக்கு இருப்பார். வாடகை இல்லை. இரு தரப்பையும் விசாரித்துச் சேர்த்துவைக்க அமைப்புகள் உண்டு, அவற்றுக்குக் கட்டணம் கட்ட வேண்டும். குளிப்பாட்டுவது போன்ற பராமரிப்பு அந்தக் கணக்கில் வராது. நம் தோட்டத்து லயங்களுக்கு (காம்பரா என்கிற ஒற்றை அறைகளை வரிசையாகக் கட்டிய வீடுகள்) இது புதிதா என்ன? தனியாக இருக்கும் கிழவிக்குப் பக்கத்துக் காம்பராப் பிள்ளை ‘துணைக்குப் படுக்க’ப் போவது எந்தக் காலத்துப் பழக்கம்! ஆனால் ஒற்றைக் காம்பராவில் வெளியாளைக் குடிவைக்க இடமும் இல்லை, வீடும் தோட்டத்துக்குச் சொந்தம். இந்த யோசனை தனிவீட்டுக்காரருக்குத்தான். இந்திய உதவியில் 7 பேர்ச்சஸ் காணியில் கட்டிய 550 சதுர அடி வீடுகளில், பிள்ளைகள் வெளியூர் போயிருந்தால், ஓர் அறை மிஞ்சும்.

வெளி மாவட்டத்திலிருந்து வரும் டீச்சர்மார் போர்டிங் தேடுவார்கள். முழு வாடகை வாங்கினால் காசு வரும், ஆனால் டீச்சர் ஏழு மணிக்குக் கதவைச் சாத்திக்கொள்வார். கேட்க நமக்கு வாய் இருக்காது. பாதி வாடகை வாங்கினால் கேட்கலாம். நாங்கள் பாதியைத்தான் எடுத்தோம். ராத்திரி வீட்டில் இருக்க வேண்டும், மாதம் ஒருமுறை கிளினிக் கார்டோடு டிக்கோயா கிளங்கன் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போக வேண்டும். கரண்ட் பில் பாதிப் பாதி. சமையல் தனித்தனி, இது அம்மாயியின் நிபந்தனை, உப்பு விஷயத்தில் அவர் யாரையும் நம்ப மாட்டார். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்து வைத்தார்கள். டீச்சரின் அடையாள அட்டைப் பிரதியும் மாமாவிடம் இருக்கிறது. வாய்ப்பேச்சில் விட்டிருந்தால் மூன்றாம் மாதமே முகம் கறுத்திருக்கும்.

ஓட்டை இல்லாமல் இல்லை. இடமாற்றம் வந்தால் டீச்சர் போய்விடுவார். ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் லீவுக்கும் ஊருக்குப் போய்விடுகிறார். ஆகஸ்டில்தான் கொட்டகலைப் படிகளில் பாசி பிடித்திருக்கும். அந்த நாட்களுக்கு யார் போய்ப் படுப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. பேச்சு என் பக்கம்தான் திரும்பிக்கொண்டிருக்கிறது.