ஒரே நாளில் மூழ்கிய இரண்டு கப்பல்களும் எரிமலை தள்ளிவிட்ட ஒன்றும்: எதில் இறங்கலாம்?

கப்பல் பார்க்கக் கடலுக்குள் இறங்க வேண்டும் என்று மட்டக்களப்புக்கு வருகிறவர்கள் முதலில் உச்சரிக்கும் பெயர் ஹெர்மிஸ், இரண்டாம் உலகப் போரில் மூழ்கிய பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல். நான் பதிலுக்கு ஒன்றுதான் கேட்பேன்: "எத்தனை மீட்டர் வரைக்கும் சான்றிதழ் வைத்திருக்கிறீர்கள்?" பேச்சு பெரும்பாலும் அங்கேயே திசை மாறிவிடும். புகழுக்குத் தகுந்த ஆழத்தில் அந்தக் கப்பல் கிடக்கிறது. அதே நாளில் மூழ்கிய இன்னொரு கப்பலான பிரிட்டிஷ் சார்ஜன்ட், அதன் ஆழத்தில் ஏறக்குறைய பாதியில், வடக்கே கல்குடா, பாசிக்குடாப் பக்கம் கிடக்கிறது. அதன் பெயரைக் கேட்டு வருகிறவர்கள் குறைவு. இந்த இரண்டோடு பாலித் தீவின் துலம்பென் கடற்கரையில் கிடக்கும் லிபர்ட்டியையும் சேர்த்துக்கொள்கிறேன். விமானம் ஏறத் துணிந்தவர்கள் கடைசியில் குழம்புவது இந்த மூன்றுக்கும் இடையில்தான்.

1942 ஏப்ரல் 9. திருகோணமலையை ஜப்பானியர்கள் தாக்கப் போகிறார்கள் என்று தெரிந்து, முந்தைய இரவே துறைமுகத்திலிருந்து கப்பல்களை வெளியே அனுப்பினார்கள். ஹெர்மிஸ், ஆஸ்திரேலிய நாசகாரிக் கப்பலான வாம்பயரோடு கரையை ஒட்டித் தெற்கே போனது. விமானந்தாங்கியாகவே வரைந்து கட்டத் தொடங்கப்பட்ட உலகின் முதல் கப்பல் அது. 1918இல் கட்டத் தொடங்கினார்கள்; ஆனால் ஜப்பானியர்கள் தங்கள் விமானந்தாங்கியான ஹோஷோவை முந்திக்கொண்டு முடித்துவிட்டார்கள். கடைசி நாளில் அதன் தளத்தில் ஒரு விமானம்கூட இல்லை; எல்லாம் கரையில் இருந்தன. மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய வேவு விமானம் கண்டுகொண்டது. ஜப்பானியத் தளபதி நகுமோவின் விமானங்கள் வந்து சேர்ந்த சிறிது நேரத்திற்குள் எல்லாம் முடிந்தது. ஹெர்மிஸில் மட்டும் இறந்தவர்கள் 307 பேர். தப்பியவர்களில் ஏறத்தாழ அறுநூறு பேரை வீட்டா என்ற மருத்துவக் கப்பல் தூக்கிக் காப்பாற்றியது. பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பலும் அதே நாளில்தான் குண்டு வாங்கிக் கடலுக்குள் போனது.

இனி ஆழம். ஹெர்மிஸ் கிடக்கும் மணல் தரை 53 மீட்டர் அளவில் இருக்கிறது. சாய்ந்து கிடக்கும் உடலின் மேற்பகுதியைத் தொடுவதற்கே 40 மீட்டரைத் தாண்ட வேண்டும். பொழுதுபோக்குச் சுழியோட்டத்தின் எல்லை 40 மீட்டர். அதாவது, சாதாரணச் சான்றிதழ்கள் எல்லாம் முடிகிற இடத்தில் இந்தக் கப்பல் தொடங்குகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் 2400 லிட்டர் காற்று இருக்கும். நீர்மட்டத்தில் நிமிடத்திற்கு 20 லிட்டர் மூச்சு வாங்குகிறவர், 50 மீட்டரில் ஆறு மடங்கு அழுத்தத்தில் 120 லிட்டர் இழுப்பார். இருபது நிமிடத்தில் சிலிண்டர் காலி. அந்த இருபதுக்குள் இறங்குவதும் ஏறுவதும் வழியில் நின்று நின்று நைட்ரஜனை வெளியேற்றுவதும் அடங்க வேண்டும், அடங்காது. ஆகவே இரட்டைச் சிலிண்டர், வழியில் மாற்றிக்கொள்ளத் தனி வாயு, அழுத்த நீக்கப் பயிற்சி (அப்படி நின்று நின்று ஏறுவதற்கான பயிற்சி) எல்லாம் வேண்டும். வெறும் காற்றோடு அந்த ஆழத்திற்குப் போனால் நைட்ரஜன் மயக்கம் கள் குடித்தவனைப் போல ஆக்கிவிடும். கையிலிருக்கும் மானியின் எண் கண்ணில் தெரியும், மண்டையில் ஏறாது. அதனால்தான் தெளிவாக யோசிக்கிறவர்கள் ஹீலியம் கலந்த மூச்சு வாயுவான டிரைமிக்ஸ் கேட்கிறார்கள். அது எல்லா ஊரிலும் கேட்ட நேரத்தில் கிடைக்கிற பொருள் அல்ல.

பிரிட்டிஷ் சார்ஜன்ட் கிடப்பது ஏறத்தாழ 24 மீட்டரில். அதே மனிதர் அங்கே நிமிடத்திற்கு 68 லிட்டர் இழுப்பார்; சிலிண்டர் முழுவதையும் செலவழித்தால் 35 நிமிடம், கையிருப்பு வைத்துக்கொண்டால் இருபத்தைந்து. அழுத்த நீக்கம் இல்லாமல் தங்கக்கூடிய நேரமும் வெறும் காற்றில் கிட்டத்தட்ட அவ்வளவுதான். நைட்ராக்ஸ் 32 (32 சதவீதம் ஆக்சிஜன் உள்ள காற்று) கிடைத்தால் இன்னும் நிதானமாகச் சுற்றலாம். அதே நைட்ராக்ஸை ஹெர்மிஸுக்குக் கொண்டுபோக முடியாது; 33 மீட்டருக்குக் கீழே அதிலுள்ள ஆக்சிஜனே நஞ்சாகத் தொடங்கும். இது தெரியாமல் "நைட்ராக்ஸ் இருந்தால் ஆழமாகப் போகலாம்தானே" என்று கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். நேர் எதிர்.

ஹெர்மிஸில் நான் இறங்கியதில்லை. இறங்கியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான். எண்ணெய்க் கப்பலில் மூன்று முறை இறங்கியிருக்கிறேன். முதல் முறை வள்ளத்தில் நங்கூரக் கயிற்றைப் பிடித்து இறங்கியபோது பத்து மீட்டர் வரைக்கும் பச்சைக் கலங்கல். என் கைவிரல்களைத் தவிர எதுவும் தெரியவில்லை. திரும்பிவிடலாம் என்று நினைத்த இடத்தில் திடீரென்று நீர் தெளிந்தது. கீழே, முறிந்த இரும்பின் மேல் பாரை மீன் கூட்டம் ஒரே பக்கம் பார்த்துத் திரும்பிக்கொண்டிருந்தது. கப்பல் இரண்டாக முறிந்து கிடக்கிறது. பவளமும் சிப்பியும் அப்பிய தகடுகளுக்கு அடியில் தடித்த கலவாய் மீன்கள் வீட்டுக்காரர்களைப் போல எட்டிப் பார்த்தன. சிக்கிப் போன வலைகளும் உண்டு. அவற்றுக்காகவே ஒரு சிறு கத்தி எடுத்துப் போகிறேன். உள்ளே நுழையும் ஆசையை மட்டும் வள்ளத்திலேயே விட்டுவிட வேண்டும். எண்பது ஆண்டுகளுக்கு மேல் உப்புநீர் தின்ற தகடு, நம் மூச்சுக் குமிழி பட்டாலே உதிரும்.

பருவத்தில் இந்த இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. வாடைக்காற்று அடங்கிய பிறகு, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கிழக்குக் கடல் இடம் கொடுக்கும். இடையில் கச்சான் காற்று பலமாக அடிக்கிற நாட்களில் காலையிலேயே போய் மதியத்திற்குள் கரையேறிவிடுவது நல்லது. கடலோடிகள் "இன்றைக்கு வேண்டாம்" என்றால் வாதாட வேண்டாம். அவர்கள் பணத்தை இழந்துதான் அதைச் சொல்கிறார்கள்.

லிபர்ட்டி வேறு ஜாதி. 1942 ஜனவரி 11இல், லொம்போக் நீரிணையில் ஐ-166 என்ற ஜப்பானிய நீர்மூழ்கியின் டார்பிடோ பட்ட அமெரிக்கச் சரக்குக் கப்பல். போர்க்காலத்தில் வரிசையாகக் கட்டித் தள்ளிய "லிபர்ட்டி வகை" கப்பல்களில் இது ஒன்று என்று பலர் எழுதுகிறார்கள், தவறு. இது முதல் உலகப் போர்க் காலத்தில் கட்டப்பட்டது, பெயர்தான் லிபர்ட்டி. இழுத்து வந்து துலம்பென் கரையில் ஏற்றி வைத்தார்கள். இருபது ஆண்டுகள் கரையில் கிடந்ததை 1963இல் அகுங் எரிமலை வெடித்தபோது கடலுக்குள் தள்ளிவிட்டது. அதனால் இதற்குப் படகே தேவையில்லை. கறுத்த கூழாங்கற்களில் தடுமாறி நடந்து, சில நிமிடம் நீந்தினால் கப்பல். அதன் மேல் விளிம்பு 5 மீட்டர் அளவில். கீழ்ப்பகுதி 30 மீட்டரைத் தொடுகிறது. சிலிண்டர் இல்லாதவர்கூட மூச்சுக்குழாயோடு மேலிருந்து பார்க்கலாம். சிலிண்டர்களை ஊர்ப் பெண்கள் தலையில் சுமந்து கரைக்குக் கொண்டுவருவதைப் பார்த்தால் நமக்கு வெட்கமாக இருக்கும்.

குறை, கூட்டம். முற்பகலில் தெற்குப் பாலியிலிருந்து வண்டிகள் வந்துவிட்டால் கப்பலைச் சுற்றிச் சந்தை கூடிவிடும். மீனைவிடத் துடுப்புக் கால்கள் அதிகம் தெரியும். விடியுமுன் இறங்கினால், திமில் போன்ற நெற்றியுடைய பெரிய கிளிமீன்கள் கப்பலில் தூங்கி எழுந்து கூட்டமாகப் புறப்படுவதைக் காணலாம்.

ஆக, புதிதாகச் சான்றிதழ் வாங்கி 18 மீட்டரோடு நிற்பவருக்கு லிபர்ட்டியைத்தான் சொல்வேன். 30 மீட்டர் வரை பயிற்சி உள்ளவர், நீரோட்டத்தில் கயிற்றைப் பிடித்துப் பதறாமல் இறங்கத் தெரிந்தவர், பிரிட்டிஷ் சார்ஜன்டை விட்டுவிட்டுப் பாலிக்குப் போவது வீண் செலவு. மூன்றில் எனக்குப் பிடித்தது அதுதான். லிபர்ட்டி கண்ணுக்கு அழகாக இருந்தாலும் அங்கே பொருட்காட்சிக்குப் போன நினைப்பு வந்துவிடுகிறது. ஹெர்மிஸுக்கு, ஆழ்நீர்ப் பயிற்சியும் அதே ஆழத்தில் சில பத்து முறை இறங்கிய பழக்கமும் உள்ளவர்கள் மட்டும். அவர்களுக்கு என் கட்டுரை தேவைப்படாது. அது ஒரு கல்லறை என்பதையும், கையில் எதையும் எடுத்து வரக்கூடாது என்பதையும் அவர்கள் அறிவார்கள்.

திரும்பும் பயணத்தையும் முன்பே திட்டமிடுங்கள். பல முறை இறங்கியவர் விமானம் ஏற 18 மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். அழுத்த நீக்க நிறுத்தங்களோடு ஏறியவர் ஒரு முழு நாள். கடைசி நாள் காலையில் இறங்கிவிட்டு அன்றிரவே கட்டுநாயக்காவில் விமானம் பிடிக்க நினைத்த ஒருவரை வலுக்கட்டாயமாக நிறுத்தி வைத்தோம். அடுத்த நாள் உதயதேவி ரயிலில் கொழும்புக்குப் போனார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.