மெயின்பிரேம் எமுலேட்டருக்கு எந்தக் கீபோர்டு: பல வருடப் பயன்பாட்டு அனுபவம்

மெயின்பிரேம் (பெரிய நிறுவனங்களின் மையக் கணினி) வேலைக்குக் கீபோர்டு வாங்குபவர்கள் சுவிட்ச் என்ன வகை, விளக்கு எரியுமா என்பதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வலது பக்கம் முழு அளவில் ஒரு கன்ட்ரோல் கீ இருக்கிறதா, எஃப்1 முதல் எஃப்12 வரை நேராக அழுத்த முடிகிறதா என்பதுதான் முக்கியம். இவை இல்லாமல் 3270 என்கிற மெயின்பிரேம் திரையில் நாள் முழுக்க உட்காருவது கைக்குத் தண்டனை.

ஐபிஎம் 3270 டெர்மினல் 1971-இல் வந்தது. அதில் தட்டுகிற எழுத்து உடனுக்குடன் மெயின்பிரேமுக்குப் போகாது, திரையிலேயே நிற்கும். என்டரோ ஒரு பிஎஃப் கீயோ (இன்றைய கீபோர்டில் எஃப் கீ) அழுத்தினால்தான் மாற்றியதெல்லாம் மொத்தமாகப் போகும். அந்த டெர்மினல் போலவே கணினியில் நடந்துகொள்ளும் மென்பொருள்களான இன்றைய எமுலேட்டர்களும் அப்படியே. அதனால் அனுப்புகிற என்டருக்கும், அடுத்த வரிக்கு இறங்குகிற நியூலைனுக்கும் தனித்தனி கீ தேவை. ஐபிஎம் பர்சனல் கம்யூனிகேஷன்ஸ் என்கிற எமுலேட்டரின் வழக்கமான 3270 அமைப்பில் வலது கன்ட்ரோல்தான் என்டர். பெரிய என்டர் கீ நியூலைன். இடது கன்ட்ரோல் ரீசெட்.

புதிதாக வருகிற பலர் முதல் வேலையாக இதை மாற்றிவிடுகிறார்கள். தயவுசெய்து மாற்றாதீர்கள். மெயின்பிரேமில் கோப்புகளைத் திருத்தும் ஐஎஸ்பிஎஃப் எடிட்டரில் ஒரு வரியின் எண் மேல் 'டி' (வரியை நீக்க) போடுங்கள், நியூலைன் தட்டிக் கீழே இறங்குங்கள், வேண்டிய இடத்தில் இன்னொரு 'டி', அப்புறம் ஒரு 'ஆர்' (வரியை மறுபடி போட). கடைசியில் சுண்டுவிரலால் வலது கன்ட்ரோலை ஒரு தட்டு. எல்லாம் ஒரே தடவையில் முடிந்துவிடும். கை பழகிவிட்டால் இந்த வேகம் வேறு எந்த அமைப்பிலும் வராது.

ரீசெட்டும் அதே அளவு முக்கியம். எழுதக் கூடாத இடத்தில் எழுத்து விழுந்தால் கீழே நிலை வரியில் 'எக்ஸ்' வந்து கீபோர்டு பூட்டிக்கொள்ளும். ரீசெட் அழுத்தினால் விடும். இன்செர்ட் செய்யும்போதெல்லாம் பூட்டிக்கொள்கிறதா? வரியின் மிச்சம் வெற்று இடங்களால் நிரம்பியிருக்கும். எடிட்டரில் 'நல்ஸ் ஆன்' கொடுங்கள், சரியாகிவிடும்.

122 கீ உள்ள ஐபிஎம் மாடல் எம் கீபோர்டையும் பயன்படுத்திப் பார்த்தேன். மேலே இரண்டு வரிசையாக 24 ஃபங்ஷன் கீ, இடது ஓரத்தில் இன்னும் பத்து. ஸ்பிரிங் மடங்கும் அந்தத் தட்டல் உணர்வு அருமை. ஆனால் அகலம் அதிகம், மவுஸ் தள்ளிப் போய்விடும். டெர்மினலுக்காகச் செய்த பழைய கீபோர்டு என்றால் இன்றைய கணினியில் செருக கன்வெர்ட்டரும் வேண்டும். பிஎஃப்13 முதல் 24 வரை ஓயாமல் கேட்கிற அப்ளிகேஷனில் வேலை செய்தால் வாங்கலாம். மற்றவர்களுக்கு ஷிஃப்டோடு எஃப் கீ அழுத்துவதே போதும். முழு அளவுச் சாதாரண கீபோர்டு தாராளமாகச் சமாளிக்கும்.

கீகேப் (கீயின் மேல் மூடி) மட்டும் நல்லதாகப் பார்த்து வாங்குங்கள். எனக்கு முதலில் தேய்ந்தவை எஃப்3, எஃப்7, எஃப்8: வெளியேற, மேலே போக, கீழே போக.

பல லேப்டாப்களில் வலது கன்ட்ரோலும் இருக்காது, திரையைத் துடைக்கும் கிளியர் வேலையைச் செய்யும் பாஸ் கீயும் இருக்காது. கிளியர் இல்லாமல், பரிவர்த்தனைகளை நடத்தும் மெயின்பிரேம் மென்பொருளான சிஐசிஎஸ்ஸில் திண்டாட்டம்தான். அதை வேறு கீக்கு மாற்றிக்கொண்டு, எஃப் கீகள் நேராக வேலை செய்ய ஃபங்ஷன் லாக்கையும் போட்டுவிடுங்கள். கீ அமைப்பு ஒரு சின்ன கோப்பாகத்தான் சேமிக்கப்படுகிறது. அதன் நகல் ஒன்றைப் பத்திரமாக வைத்திருங்கள், கணினி மாறும்போது அப்படியே போட்டுக்கொள்ளலாம்.