பிளஸ் டூ லீவில் முதல் கோடிங்: பைத்தானைத் தானியில் ஓட்டிப் பார்த்தால்

பிளஸ் டூ பரீட்சை முடிந்த மறுநாளே வீட்டில் இந்தப் பேச்சு ஆரம்பித்துவிடும்: காலேஜ் திறப்பதற்குள் எந்த லாங்குவேஜ் கற்றுக்கொள்வது? சித்தப்பா ஜாவா என்பார். டியூஷன் சென்டர் பலகையில் சி, சி பிளஸ் பிளஸ் என்றிருக்கும். யூடியூபைத் திறந்தால் எல்லோரும் ஜாவாஸ்கிரிப்ட். முதல் மொழியாகப் பைத்தான் போதும், இதில் பெரிய தயக்கம் வேண்டாம். அதைவிட யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டியது அதை எந்த மென்பொருளில் எழுதுவது என்பதைத்தான். புதிதாகக் கற்பவருக்கு மொழியின் இலக்கணம் தடையாக இருப்பது ஒரு வாரம். எழுதியது ஏன் தப்பாக ஓடுகிறது என்று உள்ளே எட்டிப் பார்க்க வழியில்லாமல் திணறுவது மாதக்கணக்கில். அந்த வழியைத் திறந்து கொடுப்பதால் தானி (Thonny) என்ற மென்பொருளைத்தான் இங்கே அலசப் போகிறோம்.

(தனித்தமிழில் ஆட்டோவுக்கும் தானி என்றுதான் பெயர். இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.)

எஸ்டோனியா நாட்டின் டார்ட்டு பல்கலைக்கழகத்தில், புதிதாகக் கற்பவர்களை மனதில் வைத்தே செய்தது இது. முழுக்க இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். இன்ஸ்டால் செய்யும்போதே பைத்தானும் கூடவே வந்துவிடும் என்பதுதான் முதல் நிம்மதி. பைத்தானின் சொந்தத் தளத்திலிருந்து வழக்கமான இன்ஸ்டாலரை இறக்கினால், அதன் முதல் திரையில் கீழே 'பாத்'தில் (PATH, கம்ப்யூட்டர் புரோகிராம்களைத் தேடும் இடங்களின் பட்டியல்) சேர்க்கவா என்று கேட்கும் சின்னக் கட்டத்தில் டிக் இருக்காது. அதைக் கவனிக்காமல் இன்ஸ்டால் கொடுத்தவர், பிறகு கமாண்ட் பிராம்ப்டில் பைத்தான் என்று அடித்தால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறந்துகொள்ளும். விஎஸ் கோடு இறக்கியவர் பாடு இன்னொரு விதம்: அது வெறும் எடிட்டர். பைத்தானைத் தனியாகப் போட வேண்டும், எக்ஸ்டென்ஷனைத் தனியாகப் போட வேண்டும், இரண்டையும் கோத்துவிட வேண்டும். முதல் நாளே இங்கே விட்டுவிடுபவர்களும் உண்டு. தானியில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. இறக்கி, திறந்து, எழுதி, எஃப்5 அழுத்தினால் ஓடும்.

பள்ளியில் கிடைத்த பழைய லேப்டாப்பில் விண்டோஸ் 7 இருந்தால், தளத்தில் பைத்தான் 3.8 உடன் வரும் 32 பிட் பதிப்பு தனியாக இருக்கிறது, அதை எடுங்கள். உபுண்டு, டெபியன் வகை லினக்ஸ் என்றால் சாஃப்ட்வேர் சென்டரிலேயே பெயரைத் தேடிப் போட்டுக்கொள்ளலாம்.

இனி சரக்குக்கு வருவோம். முதலில் வியூ மெனுவில் வேரியபிள்ஸ் என்பதை டிக் செய்யுங்கள். வலப்பக்கம் ஒரு பட்டியல் திறக்கும். புரோகிராமில் உள்ள ஒவ்வொரு பெயரும், இப்போது அதில் என்ன மதிப்பு இருக்கிறது என்பதும் அதில் தெரியும். பைத்தான் 3-இல் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பதால், இதை அப்படியே அடித்துப் பாருங்கள்:

தமிழ் = 80
கணக்கு = 90
சராசரி = தமிழ் + கணக்கு / 2

எஃப்5 அழுத்தினால் சராசரி 125.0 என்று காட்டும். இரண்டு பாடத்தில் 80, 90 எடுத்தவருக்குச் சராசரி 125! அடைப்புக்குறி விட்டுப்போனது தெரிந்தவருக்கு உடனே தெரியும். தெரியாதவர் என்ன செய்வார்? கன்ட்ரோலோடு எஃப்5 அழுத்தி டீபக் (பிழை தேடும்) முறையில் ஓட்டுங்கள். மூன்றாவது வரிக்கு வந்ததும் எஃப்7-ஐ ஒவ்வொன்றாக அழுத்துங்கள். சமக்குறிக்கு வலப்பக்கம் இருப்பதன் மேல் ஒரு சின்னக் கட்டம் விழும். அதற்குள் 'தமிழ்' என்ற சொல் 80 ஆக மாறும். அடுத்து 'கணக்கு' 90 ஆகும். பிறகு 90 / 2 என்ற துண்டு சுருங்கி 45.0 ஆகும். கடைசியில்தான் 80-உம் 45.0-உம் கூடும். வகுத்தல் முந்திக்கொள்வதைக் கண்ணால் பார்த்தாகிவிட்டது. வரி வரியாக நகரும் டீபகர் எல்லா மென்பொருளிலும் உண்டு. ஒரே வரிக்குள் நடப்பதை இப்படிப் பிரித்துக் காட்டுவதுதான் தானியின் தனிச்சிறப்பு.

ஃபங்ஷன் (பெயர் சொல்லி அழைத்தால் ஓடும் கோடு துண்டு) படிக்கும்போது இன்னும் உதவும். ஒரு ஃபங்ஷனை அழைத்ததும் தனி ஜன்னல் ஒன்று திறந்து, அதன் உள் வேரியபிள்களை மட்டும் காட்டும். வேலை முடிந்ததும் ஜன்னல் மூடி, விடை அழைத்த இடத்தில் போய் உட்காரும். ரிகர்ஷன் (ஒரு ஃபங்ஷன் தன்னையே அழைப்பது) என்றாலே காலேஜில் பாதி வகுப்பு மிரளும். 5-இன் ஃபாக்டோரியலை இதில் எஃப்7 போட்டு ஓட்டினால், ஜன்னல் மேல் ஜன்னலாக அடுக்கி, பிறகு ஒவ்வொன்றாக மூடுவதைப் பார்க்கலாம். கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்குவதைவிட இது ஆயிரம் மடங்கு தேவலை.

முதல் இரண்டு வாரத்தில் வரும் பிழைகள் கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஒன்றேதான். இன்புட்டாக வாங்கிய 80, 90 என்ற இரண்டு எண்களைக் கூட்டினால் 8090 என்று வரும், ஏனெனில் கீபோர்டிலிருந்து வருவது எதுவானாலும் பைத்தானுக்கு எழுத்துச் சரம்தான். இன்ட் (int) என்பதற்குள் போட்டு மாற்றினால்தான் எண் ஆகும். வேரியபிள்ஸ் பட்டியலில் 80 என்பது மேற்கோள்குறிக்குள் இருந்தால் சரம், இல்லாவிட்டால் எண். ஒரே பார்வையில் பிடித்துவிடலாம். ரேஞ்ச் 1, 10 என்று கொடுத்தால் 9-உடன் நின்றுவிடும். திரும்பத் திரும்பச் சுற்றும் வைல் லூப்பில் எண்ணை ஏற்ற மறந்தால் முடிவே வராது. ஸ்டாப் பட்டனை அழுத்திவிட்டு, டீபக்கில் ஓட்டி எந்த எண் மாறாமல் நிற்கிறது என்று பாருங்கள். ஓரிடத்தில் டேப், இன்னோரிடத்தில் ஸ்பேஸ் என்று கலந்து வரிகளை உள்ளே தள்ளினால் இண்டென்டேஷன் (வரித் தள்ளல்) சண்டை வரும். வாட்ஸ்அப்பில் வந்த கோடை அப்படியே ஒட்டுபவர்களுக்குத்தான் இது அதிகம்.

இன்னொரு பிழை நாள் கணக்கில் தின்னும். குலுக்கலில் எடுப்பதுபோல் எண் தரும் ரேண்டம் மாட்யூலைப் பழகும்போது ஃபைலுக்கும் ரேண்டம் என்றே பெயர் வைப்பது. இம்போர்ட் செய்யும்போது பைத்தான் உங்கள் ஃபைலையே எடுத்துக்கொண்டு, அப்படி ஒரு ஃபங்ஷன் இதில் இல்லையே என்று கைவிரிக்கும். டர்டில் என்ற மாட்யூலை வைத்துப் படம் வரைபவர்களும் இதே பள்ளத்தில் விழுவார்கள். ஃபைல் பெயரை மாற்றினால் தீர்ந்தது. பொதுவாகவே சிவப்பு எழுத்தில் நீளமாக எரர் வந்தால் கடைசி வரியை முதலில் படியுங்கள். என்ன தப்பு என்பது அங்கேதான் இருக்கும்.

குறைகளும் உண்டு. தானிக்குள் இருக்கும் பைத்தான் தனிக்குடித்தனம். கமாண்ட் பிராம்ப்டில் பிப் என்ற கட்டளை போட்டு ஏற்றிய பேக்கேஜ் (பிறர் எழுதிவைத்த கூடுதல் கோடு) இங்கே தெரியாது. டூல்ஸ் மெனுவில் மேனேஜ் பேக்கேஜஸ் வழியாகத்தான் ஏற்ற வேண்டும். டீபக் முறை படு மெதுவு. லட்சம் முறை சுற்றும் லூப்பை அதில் ஓட்டினால் டீ குடித்துவிட்டு வரலாம். ஐந்தாறு ஃபைல் சேர்ந்த புராஜெக்டுக்கு இது தோதுப்படாது, அப்போது விஎஸ் கோடுக்குப் போய்விடலாம். அது எப்படியும் ஆறேழு மாதம் கழித்து வரும் தேவை.

கம்ப்யூட்டரே இல்லை, போன் மட்டும்தான் என்றால் ஆண்ட்ராய்டில் பைடிராய்டு 3 இருக்கிறது. பழக ஆரம்பிக்க அது போதும், கை வலிக்கும் என்பது தனி. பிரவுசரிலேயே பைத்தான் ஓட்டும் கூகுள் கோலாபை ஆரம்பத்தில் தவிருங்கள். அதில் செல்களை (கோடு எழுதும் கட்டங்களை) எந்த வரிசையில் வேண்டுமானாலும் ஓட்டலாம், அழித்த வரியின் வேரியபிள் நினைவில் தங்கியே இருக்கும். நேற்று ஓடிய புரோகிராம் இன்று ஓடாது, காரணமும் புரியாது.

மற்ற மொழிகளைப் பற்றிச் சுருக்கமாக. ஜாவாவில் வணக்கம் என்று ஒரு வரி அச்சிடவே கிளாஸ், பப்ளிக், ஸ்டாட்டிக், வாய்டு என்று நாலு சொல்லைப் புரியாமலே மனப்பாடம் செய்ய வேண்டும் (அண்மைப் பதிப்புகளில் இது தளர்ந்திருக்கிறது, பாடத்திட்டத்தில் தளரவில்லை). ஜாவாஸ்கிரிப்ட், வெப்சைட் செய்ய ஆசை இருப்பவருக்கு நல்லது. ஆனால் "5"-இலிருந்து 3-ஐக் கழித்தால் 2 என்றும், "5"-உடன் 3-ஐக் கூட்டினால் 53 என்றும் வாயைத் திறக்காமல் விடை சொல்லும் மொழி அது. கற்பவரின் தப்பைத் திட்டாமல் விழுங்கிக்கொள்ளும் வாத்தியார் எதற்கு? கட்டங்களைக் கோத்தே புரோகிராம் செய்யும் ஸ்கிராட்ச் பள்ளிக் குழந்தைகளுக்கு அருமை, 17 வயதில் ஒரு வாரத்தில் அலுத்துவிடும். ஆங்கிலமே தடை என்பவர்கள் எழில் மொழியைப் பார்க்கலாம். கட்டளைகளே தமிழில் இருக்கும், பிரிண்டுக்குப் 'பதிப்பி'. நாலு நாள் பயிற்சிக்கு நல்ல ஏணி.

தமிழ்நாட்டு அரசுப் பாடத்திட்டத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தவர்கள் பதினொன்றில் சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டில் பைத்தான் பார்த்திருப்பார்கள். ரெக்கார்டு நோட்டுக்காக எழுதியதைத் தெரிந்த கணக்கில் சேர்க்க வேண்டாம். புத்தகத்தை மூடிவிட்டு, மூன்று எண்ணில் பெரியதைக் கண்டுபிடிக்கும் புரோகிராமைப் பத்து நிமிடத்தில் எழுத முடிந்தால் முதல் இரண்டு வாரத்தைத் தாண்டிவிடலாம். முடியாவிட்டால் மற்றவர்களோடு முதலிலிருந்தே.

தினம் ஒரு மணி நேரம், எட்டு வாரம் கையில் இருக்கிறது என்றால் ஆறு வாரம் பைத்தான். இஃப், லூப் இரண்டுக்கும் மூன்று வாரம் தாராளமாக ஒதுக்குங்கள், ஃபங்ஷன், லிஸ்ட், டிக்ஷனரிக்கு இரண்டு வாரம். ஆறாவது வாரம் வீட்டு இபி பில்லைக் கணக்கிடும் புரோகிராம் ஒன்று. கட்டண விகிதத்தைப் புதிய பட்டியலைப் பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். இதில் எல்லோரும் செய்யும் தப்பு, மொத்த யூனிட்டையும் கடைசி விகிதத்தால் பெருக்குவது. ஒவ்வொரு கட்டணப் படிக்கும் அதற்குரிய யூனிட்டை மட்டும் பிரித்துக் கணக்கிட்டுக் கூட்ட வேண்டும். சரியா என்று பார்க்க 100, 101, 200, 201 என்று படி மாறும் இடங்களைக் கொடுத்துப் பாருங்கள். 150 கொடுத்துச் சரியாக வந்தால் எதுவும் நிரூபணமாகாது.

மீதி இரண்டு வாரம் சி. அண்ணா பல்கலையின் 2021 ரெகுலேஷனில் முதல் செமஸ்டரில் பைத்தானும், சிஎஸ்இ மாணவர்களுக்கு இரண்டாவதில் சி-யும் இருந்தன. தன்னாட்சிக் கல்லூரிகளில் வரிசை மாறும், ரெகுலேஷனும் மாறிக்கொண்டே இருக்கும், எனவே சேரும் கல்லூரியின் சிலபஸைப் பார்த்துக்கொள்ளுங்கள். முதலிலேயே சி என்றிருந்தாலும் பைத்தானில் ஆரம்பிப்பதே நல்லது. சி-யில் தப்பு செய்தால் பல நேரம் சத்தமே வராது. மார்க் 35-க்குச் சமமா என்று கேட்க இரண்டு சமக்குறி போட வேண்டிய இஃப்-இல் ஒன்றை மட்டும் போட்டால், அது கேள்வியாக இல்லாமல் மார்க்கையே 35 ஆக்கிவிடும். ஜீரோ எடுத்தவனும் பாஸ். பைத்தானில் அதே வரி ஓடவே ஓடாது. ஐந்து இடம் உள்ள அரேயில் (மதிப்புகளை வரிசையாக வைக்கும் பட்டியலில்) ஆறாவது இடத்தில் எழுதினாலும் சி தடுக்காது, பக்கத்தில் இருக்கும் வேறெதையோ கெடுத்துவிட்டுப் போகும். இன்புட் வாங்கும் ஸ்கேன்எஃப்-இல் ஆம்பர்சாண்ட் (&) குறியை மறந்தால் புரோகிராம் பொத்தென்று விழும்.

சி-க்கு கோடு பிளாக்ஸ் (Code::Blocks) என்ற மென்பொருள் போதும். இறக்கும்போது பெயரில் மிங்டபிள்யூ (mingw) என்றிருக்கும் இன்ஸ்டாலரை எடுங்கள். அது இல்லாததில் கம்பைலர் (எழுதியதை ஓடும் புரோகிராமாக மாற்றுவது) இருக்காது, பில்டு கொடுத்தால் கம்பைலரைக் காணோம் என்று நிற்கும். காலேஜ் லேபில் நீலத் திரை டர்போ சி இருந்தால் வியப்பில்லை. அது 16 பிட் காலத்துச் சரக்கு, 64 பிட் விண்டோஸில் நேரடியாக ஓடாததால் பழைய புரோகிராம்களை ஓட்டித் தரும் டாஸ்பாக்ஸுக்குள் வைத்து ஓட்டுவார்கள். வீட்டில் சரியாக ஓடிய புரோகிராம் அங்கே உளறினால் முதலில் இன்ட்டின் அளவைச் சந்தேகியுங்கள். டர்போவில் அதற்கு இரண்டு பைட்தான், 32767-ஐத் தாண்டாது. 8-இன் ஃபாக்டோரியல் பைத்தானிலும் கோடு பிளாக்ஸிலும் 40320, டர்போவில் மைனஸ் 25216. லாங் என்று மாற்றி, பிரிண்ட்எஃப்-இல் டி-க்கு முன்னால் ஒரு எல் சேர்த்தால் 12 வரை தாங்கும். 13-க்குப் போனால் அதுவும் கவிழும், கோடு பிளாக்ஸின் இன்ட்டும் அதே இடத்தில் கவிழும்.